துளசிதாஸ் பலராம்

துளசிதாஸ் பலராம் (அக்டோபர் 4, 1936 – பெப்ரவரி 16, 2023) ஓர் இந்தியக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். ஐதராபாத்தை அடுத்த செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த இவர், 1950களின் பிற்பகுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இந்திய அணியின் முன்னணித் தாக்குதல் ஆட்டக்காரராக விளங்கினார். 1956 மெல்பேர்ண், 1960 உரோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றார். 1962 இல் சகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் தங்கப்பதக்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார். பிரதீப் குமார் பானர்ஜி (பி. கே. பானர்ஜி), சுனி கோஸ்வாமி, பலராம் ஆகிய மூவரும் இந்தியக் காற்பந்தாட்டத்தின் மும்மூர்த்திகள் என அறியப்படுகின்றனர். நுரையீரல் உறை அழற்சி காரணமாக 1963 ஆம் ஆண்டிலேயே இவரது ஆட்ட வாழ்வு முடிவுக்கு வந்தது. அதன் பின்னர் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வாழ்ந்த இவர், மேற்கு வங்காளத்தின் உத்தரபாராவில் இறுதிவரை வசித்தார்.

பிறப்பும் இளமையும்

பலராம் 1936 ஆம் ஆண்டு அக்டோபர் 4 அன்று செகந்திராபாத்தில் உள்ள அம்முகூடா என்னும் சிற்றூரில் பிறந்தார். இவரது பெற்றோர் துளசிதாஸ் காளிதாஸ், முத்தம்மா ஆகியோர்.

செகந்திராபாத் 1806 இல் ஆங்கிலேயரின் படைத்தளமாக நிறுவப்பட்ட நகரம். சென்னை மாகாணப் படைகள் அங்கு நிறுத்தப்பட்டதால், படைவீரர்களுடனும் அவர்களை நம்பிய தொழில்களுடனும் தமிழ்க் குடும்பங்கள் பல அங்கு சென்று குடியேறின. பின்னர் இரயில்வே வேலைகளை நாடியும் தமிழர்கள் சென்றனர். படைவீரர்கள் வெளித் திடல்களில் காற்பந்து ஆடுவதைப் பார்த்து அப்பகுதிச் சிறுவர்களும் ஆடத் தொடங்கினர். இந்தியாவின் புகழ்பெற்ற இலக்குக் காப்பாளர் பீட்டர் தங்கராஜும் இந்நகரத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவரே.

பலராமின் குடும்பம் வசதி குறைந்தது. அக்காலத்தில் இந்தியச் சிறுவர்கள் பெரும்பாலும் வெறுங்காலுடனேயே காற்பந்து ஆடினர். காலணி வாங்குவது ஏழைக் குடும்பங்களுக்கு இயலாத செலவு என்பதே அதற்கு முதற்காரணம். பலராமும் வெறுங்காலுடன் ஆடிப் பழகியவர். காவலர்கள் பயன்படுத்திக் கழித்த பழைய காலணிகளைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து, ஆட்டத்திற்கு ஏற்றவாறு மாற்றி அணிந்துகொண்டதாக இவரது இளமைக்கால நிகழ்வு ஒன்று கூறப்படுகிறது.

உள்ளூரில் படைத்துறை அணி ஒன்றுக்கும், ஐதராபாத் ரைடர்ஸ் கழகத்திற்கும் இவர் தொடக்கத்தில் ஆடினார்.

சையது அப்துல் ரகீமின் தேர்வு

1950களில் ஐதராபாத் இந்தியக் காற்பந்தாட்டத்தின் முதன்மை மையங்களுள் ஒன்றாக இருந்தது. ஐதராபாத் நகரக் காவல்துறை அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் ரோவர்ஸ் கிண்ணத்தை வென்றது. அந்த அணியின் பயிற்சியாளர் சையது அப்துல் ரகீம். பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய இவர் பின்னர் இந்திய அணியின் பயிற்சியாளராகவும் விளங்கினார். பந்தைத் தனியாகக் கடத்திச் செல்வதை விட, குறுகிய தூரத்தில் விரைவாகக் கைமாற்றி ஆடும் முறையை ரகீம் வலியுறுத்தினார். தம் வீரர்கள் இரு கால்களாலும் பந்தை உதைக்கப் பழக வேண்டும் என்பதும் அவரது பயிற்சியின் ஒரு கூறாகும்.

செகந்திராபாத்தில் ஆடிக்கொண்டிருந்த பலராமின் திறனை ரகீம் கண்டறிந்து, ஐதராபாத் மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு அழைத்தார். அன்றாடம் ஐதராபாத் சென்று திரும்பும் செலவைக் குடும்பத்தால் தாங்க இயலாத நிலையில், மிதிவண்டியில் சென்று வர ரகீமே உதவினார் என்று கூறப்படுகிறது. 1956-57 ஆம் ஆண்டுக்கான சந்தோஷ் கிண்ணப் போட்டியில் ஐதராபாத் அணி இறுதியாட்டத்தில் பம்பாய் அணியைத் தோற்கடித்து வெற்றி பெற்றது. மாநிலங்களுக்கு இடையேயான இப்போட்டியே அக்காலத்தில் இந்திய அணித் தேர்வுக்கு வாயிலாக இருந்தது. பலராம் அவ்வணியில் இடம்பெற்றார். அதே 1956 ஆம் ஆண்டில் ஒலிம்பிக் அணிக்கும் தேர்வானார். அப்போது இவருக்கு வயது இருபது.

1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்

இந்திய அணி 1948 இலண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடி, பிரான்சிடம் 1-2 என்ற கணக்கில் தோற்றது. 1952 எல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியாவிடம் 1-10 என்ற பெருந்தோல்வி ஏற்பட்டது. இதன் பின்னர் இந்தியாவில் காலணி அணிந்து ஆடுவது கட்டாயமாக்கப்பட்டது. இம்மாற்றத்திற்குப் பின் உருவான முதல் தலைமுறையைச் சேர்ந்தவர் பலராம்.

மெல்பேர்ண் போட்டியில் முதற்சுற்றில் அங்கேரி விலகியதால் இந்தியா நேரடியாகக் காலிறுதிக்குச் சென்றது. 1956 திசம்பர் 1 அன்று ஆத்திரேலியாவை 4-2 என்ற கணக்கில் வென்றது. இவ்வாட்டத்தில் நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். இவ்வெற்றியால் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற சிறப்பை இந்தியா பெற்றது. அரையிறுதியில் யுகோசுலாவியாவிடம் 1-4 என்ற கணக்கிலும், வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0-3 என்ற கணக்கிலும் தோற்று நான்காம் இடம் பெற்றது. பலராமின் பன்னாட்டு ஆட்ட வாழ்வு இப்போட்டியில் தொடங்கியது.

கொல்கத்தாவில் ஆட்டம்

1957 ஆம் ஆண்டில் பலராம் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் கழகத்தில் சேர்ந்தார். கொல்கத்தா அக்காலத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வீரர்களை ஈர்த்தது. ஐதராபாத், பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களிலிருந்து பலர் அங்கு சென்று ஆடினர். 1920 இல் நிறுவப்பட்ட ஈஸ்ட் பெங்கால் கழகம், நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து ஏதிலிகளாக வந்தவர்களின் பற்றுதலுக்கு உரியதாக இருந்தது. 1889 இல் நிறுவப்பட்ட மோகன் பகான் கழகம் அதன் முதன்மைப் போட்டியாளர். இவ்விரு கழகங்களும் மோதும் ஆட்டம் கொல்கத்தா நகரத்தையே இரண்டாகப் பிரிக்கக்கூடியது.

ஈஸ்ட் பெங்காலுக்காகப் பலராம் 1957 முதல் 1962 வரை ஆறு பருவங்கள் ஆடி, 104 கோல்கள் அடித்ததாகக் கழகப் பதிவுகள் காட்டுகின்றன. 1958 இல் அக்கழகம் ஐ.எப்.ஏ. கேடயத்தை வென்றது. 1961 ஆம் ஆண்டு இவரது கழக வாழ்வின் உச்சம் எனலாம். அவ்வாண்டு இவர் கழகத்தின் தலைவராகப் பொறுப்பேற்றார். கொல்கத்தா கூட்டிணைவில் 23 கோல்கள் அடித்து அதிக கோல் அடித்தவராக விளங்கினார். கூட்டிணைவுப் பட்டம், ஐ.எப்.ஏ. கேடயம் ஆகிய இரண்டும் அவ்வாண்டு ஈஸ்ட் பெங்காலுக்குக் கிடைத்தன.

இந்திய அணியில் இணைந்து ஆடிய மும்மூர்த்திகள் மூவரும் கொல்கத்தாவில் மூன்று வெவ்வேறு அணிகளுக்கு ஆடினர் என்பது குறிப்பிடத்தக்கது. சுனி கோஸ்வாமி தம் ஆட்ட வாழ்வு முழுவதும் மோகன் பகானில் ஆடினார். பி. கே. பானர்ஜி கிழக்கு இரயில்வே அணியை விட்டு நீங்கவில்லை. 1958 இல் அவ்வணி கொல்கத்தா கூட்டிணைவை வென்றது. பலராம் ஈஸ்ட் பெங்காலில் ஆடினார். எனவே பருவம் முழுவதும் எதிரெதிராக ஆடியவர்கள், பன்னாட்டுப் போட்டிகளின்போது மட்டும் ஒரே முன்வரிசையில் நின்றனர்.

ஆட்ட முறை

பலராம் நடு முன்னாட்டக்காரராகவும் இடது முன்னாட்டக்காரராகவும் ஆடும் ஆற்றல் பெற்றவர். இந்திய அணியில் வலது ஓரத்தில் பானர்ஜியின் வேகமும், உள்ளிருந்து சுனி கோஸ்வாமியின் பந்துக் கட்டுப்பாடும் இருந்தமையால், பலராம் அணியின் தேவைக்கேற்ப இடம் மாறி ஆடினார். பந்து தம்மிடம் வருவதற்காகக் காத்திராமல், நடுக்களம் வரை இறங்கி வந்து பந்தைப் பெற்றுத் தாக்குதலைத் தொடங்கி வைப்பது இவரது இயல்பு. கோல் அடிப்பதோடு பிறர் கோல் அடிக்க வழி அமைப்பதும் இவரது பணியாக இருந்தது. இவ்வகை ஆட்டத்திற்குத் திறனோடு நீண்ட நேரம் ஓடும் மூச்சுத் திறனும் வேண்டும். பிற்காலத்தில் நோய் தாக்கியது அந்த மூச்சுத் திறனையே என்பதால், இவரது ஆட்ட முறையைப் பற்றிய இக்குறிப்பு முக்கியத்துவம் பெறுகிறது.

1958 ஆசிய விளையாட்டுப் போட்டிகள்

1958 இல் தோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா காலிறுதியில் ஆங்காங்கைக் கூடுதல் நேரத்தில் 5-2 என்ற கணக்கில் வென்றது. அரையிறுதியில் தென்கொரியாவிடமும், வெண்கலப் பதக்க ஆட்டத்தில் இந்தோனேசியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றது. பலராம் இப்போட்டியில் ஆடினார்.

1960 உரோம் ஒலிம்பிக்

உரோம் ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெறுவதற்கான சுற்றில் இந்தியா இந்தோனேசியாவை இரு ஆட்டங்களிலும் தோற்கடித்தது. பி. கே. பானர்ஜி அணித்தலைவர், ரகீம் பயிற்சியாளர். பீட்டர் தங்கராஜ், தஞ்சாவூரைச் சேர்ந்த சைமன் சுந்தரராஜ் ஆகியோரும் இவ்வணியில் இடம்பெற்றிருந்தனர்.

அங்கேரி, பிரான்சு, பெரு ஆகிய நாடுகளுடன் இந்தியா ஒரே பிரிவில் வைக்கப்பட்டது. நான்கு அணிகள் கொண்ட பிரிவில் முதலிடம் பெறும் அணி மட்டுமே அரையிறுதிக்குச் செல்ல முடியும். எனவே இது மிகக் கடினமான பிரிவாகக் கருதப்பட்டது.

முதல் ஆட்டம் ஆகத்து 26 அன்று லாக்குய்லா நகரில் அங்கேரிக்கு எதிராக நடைபெற்றது. அங்கேரி அணியில் யானோசு கோரோச்சு, புளோரியான் ஆல்பெர்ட் ஆகிய சிறந்த வீரர்கள் ஆடினர். ஆல்பெர்ட் 1967 இல் ஐரோப்பாவின் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். இவ்விருவரும் ஆளுக்கொரு கோல் அடிக்க, அங்கேரி 2-0 என முன்னிலை பெற்றது. 79 ஆவது நிமிடத்தில் பலராம் ஒரு கோல் அடித்தார். ஆட்டம் 2-1 என முடிந்தது. அங்கேரி அப்போட்டியில் இறுதியாக வெண்கலப் பதக்கம் வென்றது.

இரண்டாவது ஆட்டத்தில், ஆகத்து 29 அன்று குரோசெட்டோ நகரில், இந்தியா பிரான்சுடன் 1-1 எனச் சமநிலை கண்டது. இந்தியாவின் கோலை பானர்ஜி அடித்தார். பிரான்சு ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது சமன் செய்தது. மூன்றாவது ஆட்டத்தில், செப்டம்பர் 1 அன்று பெசுகாரா நகரில், பெருவிடம் 1-3 என்ற கணக்கில் இந்தியா தோற்றது. இவ்வாட்டத்தில் 88 ஆவது நிமிடத்தில் இந்தியா அடித்த கோல் போட்டிப் பதிவுகளில் பலராமின் பெயரில் உள்ளது.

இந்தியா இதன் பின்னர் ஆடவர் ஒலிம்பிக் காற்பந்தாட்டத்திற்குத் தகுதி பெறவில்லை. எனவே உரோமில் நடந்த இம்மூன்று ஆட்டங்களே ஒலிம்பிக்கில் இந்தியக் காற்பந்தாட்ட அணியின் கடைசி ஆட்டங்களாக உள்ளன.

பலராமின் கோல்கள் இரண்டும் ஆட்டத்தின் இறுதிக்கட்டத்தில் அடிக்கப்பட்டவை. அக்காலத்தில் இந்தியாவின் உள்நாட்டுப் போட்டிகள் 90 நிமிடத்திற்குக் குறைவாகவே நடத்தப்பட்டன. ஆட்டத்தின் நடுவே மாற்று வீரரை இறக்கும் முறையும் அப்போது ஒலிம்பிக்கில் இல்லை. குறைந்த நேர ஆட்டத்திற்குப் பழகிய வீரர் ஒருவர், ஐரோப்பிய அணிக்கு எதிராக இறுதி நிமிடங்களிலும் கோல் அடிக்கும் நிலையில் இருந்தது அவரது உடல் தகுதிக்குச் சான்றாகும்.

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகள்

1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகள் இந்தோனேசியத் தலைநகர் சகார்த்தாவில் ஆகத்து 24 முதல் செப்டம்பர் 4 வரை நடைபெற்றன. இசுரேல், தாய்வான் ஆகிய நாடுகளுக்கு இந்தோனேசியா அனுமதி மறுத்தது. இதனை எதிர்த்து, பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் இந்திய உறுப்பினரான ஜி. டி. சோந்தி, போட்டியின் பெயரை மாற்ற வேண்டும் என்று கூறினார். இதனால் இந்தியாவுக்கு எதிரான உணர்வு அந்நகரில் பரவியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. இந்திய வீரர்கள் ஆடிய இடங்களில் கூட்டத்தினர் எதிர்ப்புக் குரல் எழுப்பினர்.

சுனி கோஸ்வாமி தலைமையிலான இந்திய அணி முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்ற கணக்கில் தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்ற கணக்கிலும், சப்பானை 2-0 என்ற கணக்கிலும் வென்று அரையிறுதிக்குச் சென்றது. இவ்விரு வெற்றிகளிலும் பலராம் கோல் அடித்தார். அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2 என்ற கணக்கில் இந்தியா வென்றது.

தாய்லாந்துடனான ஆட்டத்தில் தலையில் காயமடைந்த பின்காப்பாளர் ஜர்னைல் சிங் தையல்களுடன் ஆட வேண்டியிருந்தது. ரகீம் அவரை முன்வரிசைக்கு மாற்றி நடு முன்னாட்டக்காரராக ஆடச் செய்தார். இம்மாற்றத்தின் விளைவாகப் பலராம் இடது ஓரத்தில் ஆடினார். நடுவில் ஆடி கோல் அடிக்கும் வாய்ப்பு மற்றவருக்குச் சென்றபோதும், ஓரத்தில் நின்று தாக்குதலை விரிவாக்கும் பணியை இவர் செய்தார்.

செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா மீண்டும் தென்கொரியாவை எதிர்கொண்டது. செனயன் அரங்கில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பார்வையாளர்கள் கூடியிருந்தனர். அவர்களுள் மிகப்பெரும்பாலோர் இந்தியாவுக்கு எதிராகக் குரல் கொடுத்தனர். பாக்கித்தானின் வளைதடிப் பந்தாட்ட வீரர்கள் இந்திய அணிக்கு ஊக்கமளித்தது இந்த ஆட்டத்தைப் பற்றிப் பலராலும் நினைவுகூரப்படும் செய்தி. 17 ஆவது நிமிடத்தில் பானர்ஜியும், 20 ஆவது நிமிடத்தில் ஜர்னைல் சிங்கும் கோல் அடித்தனர். தென்கொரியா ஆட்டத்தின் இறுதியில் ஒரு கோல் அடித்தது. இந்தியா 2-1 என்ற கணக்கில் வென்று தங்கப்பதக்கம் பெற்றது. 1951 இல் புது தில்லியில் பெற்ற தங்கத்திற்குப் பின் இது இரண்டாவது தங்கமாகும். அதன் பின்னர் இந்தியா ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் காற்பந்தாட்டத்தில் தங்கம் வென்றதில்லை. 1970 இல் வென்ற வெண்கலமே அதற்கடுத்த பதக்கம்.

இவ்வாண்டில் இந்திய அரசு பலராமுக்கு அருச்சுனா விருது வழங்கியது.

நோயும் ஓய்வும்

1963 இல் பலராம் ஈஸ்ட் பெங்காலை விட்டு நீங்கி, பி.என்.ஆர். அணியில் சேர்ந்தார். பி.என்.ஆர். என்பது பெங்கால் நாக்பூர் இரயில்வே என்பதன் சுருக்கம். அந்நிறுவனம் பின்னர் தென்கிழக்கு இரயில்வேயாக மாறிய போதும், காற்பந்து அணி பழைய பெயரையே தக்கவைத்துக்கொண்டது.

அக்கால இந்தியாவில் காற்பந்து ஒரு தொழிலாக ஏற்கப்படவில்லை. ஒலிம்பிக்கில் பங்கேற்க அமெச்சூர் தகுதி வேண்டும் என்பதால், ஆட்டத்திற்கு வெளிப்படையாக ஊதியம் பெறும் முறை இல்லை. வீரர்களின் வாழ்வாதாரம் இரயில்வே, காவல்துறை, படைத்துறை, வங்கி போன்ற நிறுவனங்களில் கிடைக்கும் வேலையையே சார்ந்திருந்தது. கழகங்களுக்கு இடையே வீரர்கள் மாறும்போது, புகழைப் போலவே நிலையான வேலையும் ஒரு முக்கியக் காரணமாக அமைந்தது. இந்தியாவில் தேசியக் கூட்டிணைவு 1996 இல்தான் தொடங்கப்பட்டது.

புதிய அணியில் சேர்ந்த சிறிது காலத்திலேயே இவருக்கு நுரையீரல் உறை அழற்சி இருப்பது கண்டறியப்பட்டது. நுரையீரலையும் மார்புக் கூட்டின் உட்புறத்தையும் மூடியிருக்கும் மெல்லிய இரு படலங்கள் அழற்சியடைவதே இந்நோய். இயல்பான நிலையில் இப்படலங்கள் ஒன்றன்மீது ஒன்று வழுக்கி நகர்கின்றன. அழற்சி ஏற்பட்டால் ஒவ்வொரு மூச்சிலும் அவை உரசி வலி உண்டாக்கும். சில வேளைகளில் படலங்களுக்கு இடையே நீர் தேங்கி நுரையீரல் முழுமையாக விரிவதைத் தடுக்கும். சாதாரண வாழ்வுக்குத் திரும்ப முடிந்தாலும், ஆழ்ந்து மூச்சிழுத்து நீண்ட நேரம் ஓட வேண்டிய ஆட்டத்திற்கு இது பெருந்தடையாகும்.

மருத்துவ அறிவுரையை ஏற்றுப் பலராம் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றார். அப்போது இவருக்கு வயது 27. சகார்த்தாவில் தங்கம் வென்று ஓராண்டு அளவே கடந்திருந்தது. இவரது முதன்மைப் பயிற்சியாளரான ரகீம் அதே 1963 ஆம் ஆண்டு சூன் 11 அன்று புற்றுநோயால் இறந்தார். ஒரே ஆண்டில் இந்திய அணி தன் பயிற்சியாளரையும் முன்னணித் தாக்குதல் வீரர் ஒருவரையும் இழந்தது. 1964 இல் இசுரேலில் நடந்த ஆசியக் கிண்ணப் போட்டியில் இந்தியா இரண்டாம் இடம் பெற்றது. ஆனால் அவ்வாண்டு தோக்கியோ ஒலிம்பிக்கிற்கு இந்திய அணி தகுதி பெறவில்லை.

ஓய்வுக்குப் பின்

இரயில்வே வேலை பலராமுக்கு ஓய்வுக்குப் பிந்தைய வாழ்க்கையில் துணையாக இருந்தது. ஐதராபாத்துக்குத் திரும்பாமல் வங்காளத்திலேயே இவர் தங்கிவிட்டார். ஊக்ளி ஆற்றங்கரையில், கொல்கத்தாவுக்கு வடக்கே அமைந்துள்ள உத்தரபாராவில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசித்தார். இவர் திருமணம் செய்துகொள்ளவில்லை.

பி.என்.ஆர். அணிக்குப் பயிற்சியாளராக இருந்தார். கொல்கத்தா மேயர் அணி என்னும் இளையோர் அணிக்கும் பயிற்சி அளித்தார். ஆனால் பெரிய கழகங்களின் பயிற்சியாளராக நீண்ட காலம் விளங்கும் வாய்ப்பு இவருக்கு அமையவில்லை. இதனை இவருடைய இணை வீரர்களின் பிற்கால வாழ்வோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். பி. கே. பானர்ஜி ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய இரு கழகங்களுக்கும், இந்திய அணிக்கும் புகழ்பெற்ற பயிற்சியாளராக விளங்கினார். சுனி கோஸ்வாமி காற்பந்திலிருந்து ஓய்வு பெற்ற பின், வங்காள அணிக்காக ரஞ்சிக் கிண்ணத் துடுப்பாட்டத்திலும் ஆடினார். பலராம் மக்களின் பார்வையிலிருந்து மெல்ல விலகி வாழ்ந்தார்.

தாம் ஆறு ஆண்டுகள் ஆடி, தலைவராகவும் இருந்த ஈஸ்ட் பெங்கால் கழகத்தோடு இவருக்குப் பிற்காலத்தில் மனவேறுபாடு ஏற்பட்டது. கழகம் தம்மை உரியவாறு மதிக்கவில்லை என்ற வருத்தத்தை இவர் நாளிதழ் நேர்காணல்களில் வெளிப்படுத்தியுள்ளார்.

விருதுகளும் ஏற்பும்

பலராம் 1962 இல் அருச்சுனா விருது பெற்றார். மும்மூர்த்திகளுள் சுனி கோஸ்வாமிக்கு 1983 இலும், பி. கே. பானர்ஜிக்கு 1990 இலும் பத்மசிறீ விருது வழங்கப்பட்டது. பலராமுக்கு அவ்விருது அவரது வாழ்நாளில் வழங்கப்படவில்லை. இவ்விடுபடலைக் காற்பந்து ஆர்வலர்களும் எழுத்தாளர்களும் பலமுறை சுட்டிக்காட்டியுள்ளனர்.

இவருடைய புகழ் மற்ற இருவரைப் போலப் பரவாமைக்குச் சில காரணங்களைக் கூறலாம். முதலாவது, ஆட்ட வாழ்வின் குறுகிய காலம். 1956 முதல் 1962 வரையிலான ஏழு ஆண்டுகளே இவர் பன்னாட்டு ஆட்டங்களில் பங்கேற்றார். இரண்டாவது, இவரது சிறந்த ஆட்டங்கள் தொலைக்காட்சி இந்தியாவில் பரவுவதற்கு முன் நடந்தவை. அவற்றுள் மிகச் சில ஆட்டங்களின் காட்சிகளே எஞ்சியுள்ளன. மூன்றாவது, ஒரு மாநிலத்தில் பிறந்து, இன்னொரு மாநிலத்தில் ஆடி, அங்கேயே வாழ்ந்தவர் என்பதால், எந்த மாநிலமும் இவரை முழுமையாகத் தன்னுடையவராக உரிமை கொண்டாடவில்லை. தமிழ்நாட்டில் இவரது தமிழ்ப் பின்னணியைப் பலர் அறிந்திருக்கவில்லை.

இறுதிக்காலம்

2020 மார்ச் 20 அன்று பி. கே. பானர்ஜியும், அவ்வாண்டு ஏப்ரல் 30 அன்று சுனி கோஸ்வாமியும் இறந்தனர். அதன் பின் மும்மூர்த்திகளுள் உயிருடன் இருந்தவர் பலராம் ஒருவரே. 2022 இறுதியில் உடல்நலம் குன்றி, திசம்பர் மாதத்தில் கொல்கத்தாவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். உடல் உறுப்புகள் செயலிழந்ததால் 2023 பெப்ரவரி 16 அன்று தமது 86 ஆம் அகவையில் இறந்தார்.

ரகீமின் வாழ்வையும் 1962 வெற்றியையும் அடிப்படையாகக் கொண்ட மைதான் என்னும் இந்தித் திரைப்படம் 2024 ஏப்ரலில் வெளிவந்தது. பலராமும் அதில் ஒரு கதைமாந்தராக இடம்பெற்றுள்ளார். அப்படம் திரைக்கு வருவதற்கு ஓராண்டுக்கு முன்பே இவர் இறந்துவிட்டார்.

ஆட்ட வாழ்வுச் சுருக்கம்

- பிறப்பு: அக்டோபர் 4, 1936, அம்முகூடா, செகந்திராபாத்
- ஆடிய இடம்: நடு முன்னாட்டக்காரர், இடது முன்னாட்டக்காரர்
- மாநில அணிகள்: ஐதராபாத், பின்னர் வங்காளம்
- கழகங்கள்: ஈஸ்ட் பெங்கால் (1957–1962), பி.என்.ஆர். (1963)
- ஒலிம்பிக் போட்டிகள்: மெல்பேர்ண் 1956 (நான்காம் இடம்), உரோம் 1960
- ஆசிய விளையாட்டுப் போட்டிகள்: தோக்கியோ 1958 (நான்காம் இடம்), சகார்த்தா 1962 (தங்கம்)
- கொல்கத்தா கூட்டிணைவில் அதிக கோல்: 1961 (23 கோல்கள்)
- விருது: அருச்சுனா விருது (1962)
- இறப்பு: பெப்ரவரி 16, 2023, கொல்கத்தா